ஒரே வகுப்பு, எதிரெதிர்ப் படை: வெஸ்ட் பாயிண்ட் 1846 பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிப் படிக்கத் தொடங்கியவர்களுக்குச் சீக்கிரமே ஒரு குழப்பம் வரும். இந்தப் பக்கம் தளபதியாக இருப்பவரும் அந்தப் பக்கம் தளபதியாக இருப்பவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். சில சமயம் ஒரே வகுப்பு, ஒரே அறை. யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் நான் படித்தேன். அந்தத் தாளிலிருந்து பிறந்தவை இந்தக் கேள்விகளும் பதில்களும்.

1846 வகுப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேர்?

நியூயார்க் நகருக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி. 1802இல் தொடங்கியது. அங்கே 1842 கோடையில் சேர்ந்து, 1846 ஜூலை 1ஆம் தேதி பட்டம் பெற்று வெளியே வந்தவர்கள் 59 பேர். அவர்களில் 20க்கும் மேற்பட்டவர்கள் பிற்பாடு ஜெனரல்கள் ஆனார்கள். சிலர் வடக்கின் ஒன்றியப் படையில், சிலர் தெற்கின் கூட்டமைப்புப் படையில்.

பட்டம் பெற்ற நேரமும் ஒரு காரணம். அந்த ஆண்டு மே 13 அன்றுதான் அமெரிக்கா மெக்சிகோ மீது போர் அறிவித்தது. இவர்கள் ஜூலையில் வெளியே வருகிறார்கள். சீருடை தைத்துக்கொள்வதற்குள் போர்முனை தயாராக இருந்தது. சில ஆண்டு முன்னால் படித்து முடித்தவர்கள் எல்லைக் கோட்டைகளில் கொசுக்கடி பட்டுக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கு 20, 21 வயதிலேயே உண்மையான போர் அனுபவம் கிடைத்துவிட்டது. 1861இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது இவர்களுக்கு முப்பத்தைந்து வயதுதான் இருக்கும். படை நடத்துவதற்குச் சரியான வயது.

அங்கே யார் சேரலாம்?

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். தொகுதிக்கு ஓர் இடம் என்பது அன்றைய நடைமுறை. சம்பளத்தோடு இலவசப் படிப்பு என்பதால் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளும் முட்டி மோதுவார்கள்.

தாமஸ் ஜாக்சன் நுழைந்த கதையே ஒரு சிறுகதை. மேற்கு வர்ஜீனியா மலைப்பகுதியில் வளர்ந்த அநாதைப் பையன். அந்தத் தொகுதியின் இடம் முதலில் கிப்சன் பட்சர் என்ற இன்னொருவருக்குத்தான் போனது. அவர் வெஸ்ட் பாயிண்டுக்குப் போய் அங்குள்ள கெடுபிடியைப் பார்த்துவிட்டு உடனே ஊர் திரும்பிவிட்டார். காலியான இடத்தைக் கேட்டு ஜாக்சன் வாஷிங்டனுக்கே ஓடினார். கையால் நெய்த முரட்டுத் துணியில் உடை, தோளில் குதிரைச் சேணப் பை. அந்தக் கோலத்தில் அவர் உள்ளே வருவதைப் பார்த்த டேப்னி மோரி, பக்கத்தில் நின்றவர்களிடம், ‘இந்த ஆள் இங்கேயே தங்கிவிட வந்தவர் மாதிரி இருக்கிறார்’ என்று சொன்னதாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். பக்கத்தில் நின்றவர்களில் ஒருவர் ஏ. பி. ஹில். மூன்று பேருமே பின்னாளில் தெற்கின் ஜெனரல்கள்.

என்ன படித்தார்கள்? போர்க்கலைதானே?

அப்படி நினைத்தால் ஏமாற்றம்தான். கணிதம், கணிதம், மேலும் கணிதம். அதற்குப் பிறகு பிரெஞ்சு மொழி, வரைபடம், இயற்பியல், பொறியியல். பிரெஞ்சு எதற்கென்றால், அன்றைய நல்ல ராணுவப் பாடநூல்கள் அந்த மொழியில்தான் இருந்தன. போர்க்கலை என்று தனியாக வந்தது கடைசி ஆண்டில் டென்னிஸ் ஹார்ட் மஹான் நடத்திய பாடத்தின் ஒரு பகுதி மட்டும். அந்தக் கல்லூரி உண்மையில் நாட்டுக்குப் பாலமும் துறைமுகமும் ரயில் பாதையும் போடும் பொறியாளர்களை உருவாக்கியது. போர் அதன் துணைப்பாடம்.

மாணவர்கள் தினமும் கரும்பலகைக்கு வந்து பாடம் ஒப்பிக்க வேண்டும். தினமும் மதிப்பெண். மதிப்பெண்ணையும் நடத்தையையும் சேர்த்து வருடக் கடைசியில் ரேங்க் பட்டியல். தாமதம், அழுக்குத் துப்பாக்கி, பாட்டுச் சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒழுங்கீனப் புள்ளி. ஒரே ஆண்டில் 200 சேர்ந்தால் வீட்டுக்குப் போகலாம். முன்வரிசை ரேங்க்காரர்களுக்குப் பொறியியல் பிரிவு, கடைசி வரிசைக்காரர்களுக்குக் காலாட்படை. நம் ஊரில் மெடிக்கல் கட்ஆஃப் போனவுடன் மற்றதைத் தேடுகிறோமே, அதே கதை.

முதல் ரேங்க் யார்? கடைசி யார்?

முதல் ரேங்க் சார்லஸ் சீஃபோர்த் ஸ்டுவர்ட். பெயரைக் கேள்விப்பட்டதில்லையா? யாருமே கேள்விப்பட்டதில்லை. பொறியாளராகவே ஒழுங்காக வேலை பார்த்து ஓய்வுபெற்றார். இரண்டாம் ரேங்க் ஜார்ஜ் மெக்கெல்லன். பதினாறு வயதுகூட நிரம்பாமல் சிறப்பு அனுமதியில் சேர்ந்தவர். பிலடெல்பியாவின் நல்ல குடும்பம், பார்த்தவுடன் பிடித்துப்போகும் முகம். பிற்பாடு வடக்கின் தலைமைத் தளபதி. கடைசி, அதாவது 59ஆவது ரேங்க், ஜார்ஜ் பிக்கெட். மூளை இல்லாமல் இல்லை. ஜாலியான ஆள், புத்தகத்தோடு அவருக்கு ஒத்துவரவில்லை.

எனக்குப் பிடித்த எண் ஜாக்சனுடையது. முறையான பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாமல் வந்தவர். கரும்பலகைக்குக் கூப்பிட்டால் வேர்த்து ஊற்றும். இரவு விளக்கணைத்த பிறகு கணப்படுப்பில் கரியைக் குவித்து, அந்த வெளிச்சத்தில் தரையில் படுத்துக்கொண்டு படிப்பார். முதலாண்டு முடிவில் 51ஆவது. அடுத்து 30. அடுத்து 20. கடைசியில் 17. ‘இன்னொரு வருஷம் படிப்பு இருந்திருந்தால் ஜாக்சன்தான் முதல்’ என்று கூடப் படித்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

ரேங்குக்கும் போர்த்திறமைக்கும் சம்பந்தம் உண்டா என்று கேட்பவர்களுக்கு: 1843 வகுப்பில் 39 பேரில் 21ஆவதாக வந்தவர் யுலிசிஸ் கிராண்ட். 1829 வகுப்பில் ஓர் ஒழுங்கீனப் புள்ளிகூட வாங்காமல் இரண்டாவதாக வந்தவர் ராபர்ட் லீ. வடக்கை நடத்திய கிராண்டிடம்தான் தெற்கின் தளபதி லீ கடைசியில் சரணடைந்தார். 1846 வகுப்பின் சாமுவேல் ஸ்டர்ஜிஸை 1864இல் மிசிசிப்பியில் துரத்தித் துரத்தி அடித்த தெற்கின் தளபதி நேதன் ஃபாரஸ்ட், ராணுவக் கல்லூரி வாசலையே மிதிக்காதவர்.

ஏ. பி. ஹில் பெயர் 1846 பட்டியலில் இல்லையே?

சேர்ந்தது இவர்களோடுதான், மெக்கெல்லனின் அறைத்தோழர். விடுமுறைக்குப் போன இடத்தில் பால்வினை நோய் தொற்றி, படிப்பில் ஓராண்டு பின்தங்கி 1847இல் பட்டம் பெற்றார். வாழ்நாள் முழுக்க அந்த உபாதை விடவில்லை. ஜான் கிப்பனும் இதேபோல 1842இல் சேர்ந்து 1847இல் முடித்தவர், ஆனால் காரணம் நோயல்ல, படிப்பு. இந்த இரண்டு பேரையும் கணக்கில் சேர்க்காமல் இந்த வகுப்பின் கதையைச் சொல்ல முடியாது என்பதால் நானும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். பட்டியல் பிடிவாதக்காரர்கள் மன்னிக்கவும்.

மெக்சிகோவில் என்ன செய்தார்கள்?

பெரும்பாலானோர் ஜெனரல் வின்ஃபீல்ட் ஸ்காட்டின் படையில் இருந்தார்கள். 1847 மார்ச்சில் வேராகுரூஸ் கடற்கரையில் இறங்கி, கோட்டையை முற்றுகையிட்டு வீழ்த்தி, அங்கிருந்து மெக்சிகோ நகரம் வரை மலையேறிப் போன படை அது. செர்ரோ கோர்டோவில் மோரியின் கையில் குண்டு பாய்ந்தது. மொலினோ தெல் ரேயில் ஜான் ஃபாஸ்டர் படுகாயம். ஜார்ஜ் ஸ்டோன்மன் மட்டும் வேறு திசையில், மோர்மன் மதப்பிரிவினரின் படைப்பிரிவோடு பாலைவனம் கடந்து கலிஃபோர்னியாவுக்கு நடந்தார்.

செப்டம்பர் 13, சபுல்தெபெக் கோட்டை. ஜாக்சன் தன் பீரங்கியோடு திறந்த சாலையில் மாட்டிக்கொண்டார். குதிரைகள் செத்துவிட்டன, ஆட்கள் பள்ளத்தில் பதுங்கிவிட்டார்கள். இவர் சாலையில் முன்னும் பின்னும் நடந்து, ‘ஒன்றும் ஆபத்தில்லை, பாருங்கள், எனக்கு அடிபடவில்லையே’ என்று கத்தினாராம். தெரிந்தே நான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். அதே கோட்டையில் கொடி தாங்கிப் போன லாங்ஸ்ட்ரீட் என்ற அதிகாரி தொடையில் குண்டு பட்டு விழ, கொடியை வாங்கிக்கொண்டு மேலே ஏறியவர் நம் 59ஆவது ரேங்க் பிக்கெட். வகுப்புத் தோழர் ஜெஸ்ஸி ரீனோவும் அங்கேதான் காயம்பட்டார். மெக்கெல்லன் பொறியியல் பிரிவில், லீயின் கண்முன்னே வேலை செய்தார்.

அந்தப் போர் நியாயமா என்ற கேள்வியை இந்த இளைஞர்களில் அதிகம் பேர் எழுப்பவில்லை. அதே படையில் இருந்த கிராண்ட், சாகும் தறுவாயில் எழுதிய நினைவுக்குறிப்புகளில், பலமான நாடு பலவீனமான நாட்டின் மீது நடத்திய மிக அநியாயமான போர்களில் அது ஒன்று என்று பதிவு செய்தார். மெக்சிகோவிடமிருந்து பிடுங்கிய நிலத்தில் அடிமைமுறை இருக்கலாமா கூடாதா என்ற சண்டைதான் பதின்மூன்று ஆண்டுகளில் இவர்களை இரண்டாகப் பிரித்தது.

1861இல் யார் எந்தப் பக்கம் போவது என்று எப்படி முடிவெடுத்தார்கள்?

‘அவரவர் பிறந்த மண்ணுக்காக’ என்பது வழக்கமான பதில். கேட்க அழகாக இருக்கும். அதை அப்படியே விழுங்கிவிடாதீர்கள்.

வர்ஜீனியாக்காரர் ஜார்ஜ் தாமஸ் (1840 வகுப்பு) வடக்கோடு நின்றார். அவருடைய சகோதரிகள் அவர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். வட கரோலினாவில் வளர்ந்த கிப்பனின் சகோதரர்கள் தெற்கின் படையில், அவர் வடக்கில். பிலடெல்பியாவில் பிறந்த பெம்பர்ட்டன் என்ற அதிகாரி, மனைவி வழியில் தெற்குக்குப் போனார். ஆக, பிறந்த மண் விதி ஒன்றுமல்ல. இவர்களுக்கு முன்னால் ஒரு தேர்வு இருந்தது, தேர்ந்தெடுத்தார்கள். தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோனதற்குக் காரணம் அடிமைமுறையைக் காப்பாற்றுவது. அதை அந்த மாநிலங்களே தங்கள் பிரகடனங்களில் ஒளிக்காமல் எழுதி வைத்தன. வகுப்புத் தோழர்களின் சோகக் கதையில் மூழ்கும்போது இது கண்ணிலிருந்து நழுவிவிடுகிறது. போர் முடிந்த பிறகு, இரு தரப்பு அதிகாரிகளும் ஒருவரையொருவர் பாராட்டி எழுதிய நினைவுநூல்களில் அது வேண்டுமென்றேகூட நழுவவிடப்பட்டது.

முதல் குண்டு விழுந்தபோது இவர்கள் எங்கே இருந்தார்கள்?

அங்கேயேதான். 1861 ஏப்ரல் 12 அதிகாலை சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சம்டர் கோட்டை மீது தெற்கு குண்டு வீசியது. கோட்டைக்குள் அதிகாரிகளாக இருந்தவர்களில் இரண்டு பேர் 1846 வகுப்பு: பொறியாளர் ஜான் ஃபாஸ்டர், பீரங்கிப் படையின் ட்ரூமன் சீமூர். கரையிலிருந்து குண்டு வீசிய தெற்கின் தளபதி பியூரகார்டின் தலைமை உதவியாளர் டேவிட் ஜோன்ஸ். அவரும் 1846. கோட்டை பணிந்தபோது நிபந்தனைகளோடு படகில் வந்தவர்களில் ஜோன்ஸ் ஒருவர்.

கோட்டைத் தளபதி ஆண்டர்சன், வெஸ்ட் பாயிண்டில் பியூரகார்டுக்குப் பீரங்கிப் பாடம் எடுத்த ஆசிரியர். நமக்கெல்லாம் உடனே துரோணரும் அர்ச்சுனனும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் இந்தக் குருக்ஷேத்திரத்தில் 34 மணி நேர குண்டுவீச்சில் ஒருவர்கூடச் சாகவில்லை. சாவு பிறகு வந்தது, மொத்தமாக.

ஒருவரையொருவர் மிக நெருக்கமாக மோதிக்கொண்ட இடம் எது?

1862 செப்டம்பர், மேரிலாந்து. இந்த ஒரு வாரத்துக்காகவே ஒருவர் இந்த வகுப்பைப் படிக்கலாம்.

லீ தன் படையோடு வடக்கு நோக்கி ஊடுருவுகிறார். துரத்துபவர் மெக்கெல்லன். லீயின் வலது கை ஜாக்சன். ஜாக்சனின் கீழே ஒரு டிவிஷனுக்குத் தலைவர் ஹில். அந்தப் பயணத்தின் தொடக்கத்திலேயே, படையை நடத்தும் விதத்தில் தன் உத்தரவை மதிக்கவில்லை என்று ஹில்லைக் கைது செய்துவிட்டார் ஜாக்சன்! ஒரே பக்கத்துத் தோழர்களின் லட்சணம் இது. சண்டை நெருங்கியதும் ஹில் கெஞ்சிக் கேட்டுத் தன் பொறுப்பைத் திரும்ப வாங்கினார். வழக்கு ஜாக்சன் சாகும் வரை தீரவில்லை.

செப்டம்பர் 14. சவுத் மவுண்டன் மலையில் ஃபாக்ஸ் கணவாய். வடக்கின் ஒன்பதாம் ‘கோர்’ என்ற பெரும் படைப்பிரிவை நடத்திய ஜெஸ்ஸி ரீனோ அந்தி வேளையில் முன்வரிசைக்குப் போய் மார்பில் குண்டு வாங்கினார். தூக்கிக்கொண்டு கீழே வரும் வழியில் எதிரே வந்தவர் வகுப்புத் தோழர் ஸ்டர்ஜிஸ். ரீனோ உற்சாகமான குரலில், ‘ஹலோ சாம், நான் செத்துட்டேன்!’ என்றார். அந்தக் குரலைக் கேட்டு விளையாட்டென்று நினைத்த ஸ்டர்ஜிஸ், அவ்வளவு மோசமாக இருக்காது என்று சமாதானம் சொன்னார். ‘ஆமாம் ஆமாம், செத்துட்டேன், வரேன்’ என்றார் ரீனோ. சற்று நேரத்தில் உயிர் போனது.

அடுத்த நாள் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் வடக்கின் 12,000க்கும் மேற்பட்ட வீரர்களைச் சிறைப்பிடித்துவிட்டு ஜாக்சன் லீயிடம் விரைந்தார். கைதிகளைக் கவனிக்க ஹில் பின்தங்கினார்.

செப்டம்பர் 17, ஆன்டீட்டம் ஓடை. காலையில் லீயின் இடது பக்கத்தில் ஜாக்சன். சோளக்கொல்லை வழியாக அவர் மீது பாய்ந்த படைகளில் ஒன்று கிப்பனுடையது. பிற்பகலில் வலது பக்கம். ஒரு கல் பாலம். அதைக் காத்த சில நூறு ஜார்ஜியா வீரர்கள் டேவிட் ஜோன்ஸின் ஆட்கள். பலமுறை முயன்றும் பாலம் வசப்படவில்லை. கடைசியில் அதைக் கடந்தது ஸ்டர்ஜிஸின் டிவிஷன். ஜோன்ஸின் வரிசை உடைந்து, லீயின் மொத்தப் படையும் மடங்கப்போகும் நேரத்தில், சுமார் 27 கிலோமீட்டர் விரைந்து நடந்துவந்த ஹில்லின் டிவிஷன் பக்கவாட்டில் புகுந்தது. தோற்கடிக்க இருந்த வாய்ப்பு மெக்கெல்லனின் கையை விட்டுப் போனது. போக வைத்தவர் அவருடைய பழைய அறைத்தோழர்.

பாலத்தின் முதல் தாக்குதல்களில் செத்தவர்களில் கனெக்டிகட் படைப்பிரிவின் இளம் கர்னல் ஹென்றி கிங்ஸ்பரி ஒருவர். அவர் டேவிட் ஜோன்ஸின் சகலை. அக்கா தங்கையைக் கட்டியவர்கள். சகலையைக் கொன்றது தன் வரிசையின் துப்பாக்கி என்பது ஜோன்ஸுக்குத் தெரியவந்தது. ஏற்கெனவே இதய நோயாளியான அவர் 1863 ஜனவரியில் இறந்தார். துக்கம்தான் கொன்றது என்று எழுதுகிறவர்கள் உண்டு. இதயம்தான் கொன்றது என்று சொன்னாலும் போதும், கதை அதனால் ஒன்றும் லேசாகிவிடாது.

அந்த ஒரு நாளில் இரு தரப்பிலும் செத்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் சுமார் 23,000 பேர். பெயர் தெரிந்த ஏழெட்டு ஜெனரல்களின் கதையை மட்டும் நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மெக்கெல்லனும் ஹில்லும் ஒரே பெண்ணைக் காதலித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. பெயர் எலன் மார்சி, வீட்டில் நெல்லி. ஹில்லுக்கும் அவளுக்கும் நிச்சயமே ஆகியிருந்தது. பெண்ணைப் பெற்றவர்களுக்கு இஷ்டமில்லை. ஹில்லின் பழைய நோய் விவகாரம் அம்மாவின் காதுக்குப் போனது. நிச்சயம் முறிந்தது. 1860 மே மாதம் நெல்லி மெக்கெல்லனைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஹில் அதற்குள் வேறொருவரை மணந்திருந்தார். நண்பர்கள் நண்பர்களாகவே இருந்தார்கள்.

ஹில் ஆவேசமாகத் தாக்கும்போதெல்லாம், ‘அடக் கடவுளே நெல்லி, அந்த ஆளையே கட்டியிருக்கக் கூடாதா!’ என்று மெக்கெல்லனின் வீரர் ஒருவர் அலுத்துக்கொண்டாராம். முகாம் நகைச்சுவையாக ரசிக்கலாம். ஹில் யாரைத் தாக்கினாலும் அப்படித்தான் தாக்கினார்.

கூடப் படித்ததால் எதிரியின் மனசு தெரிந்திருக்குமே, அது உதவியதா?

இந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் சொல்லும் கட்டுரைகள் நிறைய. மெக்கெல்லன் தயங்குவார் என்று லீக்குத் தெரியும், ஆகவே துணிந்தார் என்பார்கள். லீ மெக்கெல்லனை அறிந்தது மெக்சிகோவில், அதிகாரியாக, வகுப்பில் அல்ல. இருபது வயதில் ஒருவன் எப்படி இருந்தான் என்பது முப்பத்தெட்டு வயதில் அவன் என்ன செய்வான் என்பதைச் சொல்லாது. ஜாக்சனைப் பார்த்துச் சிரித்த வகுப்பு, ‘கல்சுவர்’ (ஸ்டோன்வால்) என்ற பட்டப்பெயர் பெற்ற ஜாக்சனை எதிர்பார்த்திருக்க முடியுமா?

1863 மே, சான்சலர்ஸ்வில் இதற்கு நல்ல சாட்சி. வடக்கின் தளபதி ஹூக்கருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் 1846இன் டேரியஸ் கவுச். குதிரைப்படைத் தலைவர் ஜார்ஜ் ஸ்டோன்மன், ஜாக்சனோடு அறையைப் பகிர்ந்தவர். ஹூக்கர் ஸ்டோன்மனின் குதிரைப்படையில் பெரும்பகுதியை எதிரியின் பின்பக்கம் சூறையாட அனுப்பிவிட்டார். வேவு பார்க்கப் போதிய குதிரை இல்லாத காட்டில், ஏறத்தாழ 28,000 பேரோடு ஜாக்சன் பகல் முழுக்க சுற்றி நடந்து மே 2 மாலை வடக்கின் வலது பக்கத்தில் இடிபோல விழுந்தார். பழைய அறைத்தோழர் அப்போது வெகு தூரத்தில் ரயில் பாதைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவே இருட்டில் அடையாளம் தெரியாமல் ஜாக்சனைச் சுட்டது அவருடைய சொந்தப் படை. இடது கையை வெட்டினார்கள். மே 10 அன்று நிமோனியாவில் இறந்தார். அடுத்துப் பொறுப்பேற்ற ஹில்லும் அன்றிரவே காயப்பட்டார். கவுச் ஹூக்கரின் கீழ் இனி வேலை செய்ய முடியாது என்று மாற்றல் கேட்டுப் போய்விட்டார்.

தோழமை உண்மையில் உதவிய இடம் வேலைவாய்ப்பு. துப்பாக்கித் தொழிலில் நொடித்துப்போன ஆம்புரோஸ் பர்ன்சைடுக்கு (1847 வகுப்பு), இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேயில் பெரிய பதவியில் இருந்த மெக்கெல்லன் வேலை போட்டுக்கொடுத்தார். 1862 நவம்பரில் மெக்கெல்லனைத் தூக்கிவிட்டு லிங்கன் அந்த நாற்காலியில் உட்காரவைத்தது பர்ன்சைடைத்தான். பர்ன்சைட் வேண்டாம் வேண்டாமென்றுதான் சொன்னார்.

பிக்கெட்டுக்கு வெஸ்ட் பாயிண்ட் இடம் வாங்கிக் கொடுத்தது ஆபிரகாம் லிங்கனா?

இல்லை. இடம் கொடுத்தவர் இல்லினாய் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் ஸ்டுவர்ட். லிங்கனின் பழைய வக்கீல் கூட்டாளி. 1842இல் லிங்கன் காங்கிரஸிலேயே இல்லை. பிக்கெட்டின் மனைவி கணவர் இறந்த பிறகு பல பத்தாண்டுகள் எழுதிக் குவித்ததில் இதுபோன்ற இனிப்புகள் ஏராளம்.

பிக்கெட்டின் பெயர் நிற்பது 1863 ஜூலை 3, கெட்டிஸ்பர்க் தாக்குதலால். ஏறத்தாழ 12,500 பேர் திறந்த வயலில் நடந்தார்கள்; பாதிக்கு மேல் திரும்பவில்லை அல்லது காயத்தோடு திரும்பினார்கள். அவர்கள் குறிவைத்து நடந்த மேட்டில் காத்திருந்த டிவிஷன் ஜான் கிப்பனுடையது. பிக்கெட்டுக்குத் துணையாக அனுப்பப்பட்ட படை கேட்மஸ் வில்காக்ஸுடையது, அவர் 1846இல் 54ஆவது ரேங்க். கணிதத்தில் தேறாமல் அந்த வகுப்பிலிருந்து வெளியேறிய பர்க்கெட் ஃப்ரை, காயம்பட்டுக் கல்சுவருக்கு அருகே பிடிபட்டார்.

அந்தக் காவியப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றையும் மாட்ட வேண்டும். 1864 பிப்ரவரியில் வட கரோலினாவின் கின்ஸ்டனில், வடக்குச் சீருடையில் பிடிபட்ட 22 உள்ளூர்க்காரர்களை, முன்பு தெற்கின் படையில் இருந்து ஓடியவர்கள் என்று சொல்லித் தூக்கில் போட்டார் பிக்கெட். போர் முடிந்ததும் விசாரணைக்குப் பயந்து கனடாவுக்கு ஓடினார். மெக்சிகோ காலத்து நண்பர் கிராண்ட் அவருக்காகப் பேசினார், வழக்கு வரவில்லை. தோழமைக்கு இதுவும் ஓர் உதாரணம்தான். தூக்கில் தொங்கியவர்களுக்கு வெஸ்ட் பாயிண்டில் தோழர்கள் இல்லை.

பூர்வகுடிகளுக்கு எதிரான போர்களிலும் இவர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள், அதைப் பற்றி வகுப்புத் தோழர் கதைகள் அதிகம் பேசாது. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில், களத்தில் நடத்திய கஸ்டரோடு ஒரு பகுதி அழிந்த ஏழாம் குதிரைப்படையின் கர்னல், பதவிப் பட்டியல்படி, ஸ்டர்ஜிஸ். வேறு பணியில் இருந்ததால் அவர் தப்பினார். அதே படையில் இளம் லெப்டினன்டாக இருந்த அவர் மகன் செத்தார். சம்பவம் முடிந்து அங்கே போய்ச் சேர்ந்த படையில் கிப்பன் இருந்தார். மறு ஆண்டு, நிலத்தை விட்டு ஓடிக்கொண்டிருந்த நெஸ் பெர்ஸ் மக்களின் முகாமை பிக் ஹோல் ஆற்றங்கரையில் விடியற்காலை தாக்கியவர் கிப்பன். பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள். அடுத்த மாதம் அதே மக்களை கான்யன் க்ரீக்கில் மறித்தவர் ஸ்டர்ஜிஸ்.

போருக்குப் பிறகு யார் என்ன ஆனார்கள்?

ஹில் 1865 ஏப்ரல் 2 அன்று, போர் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பீட்டர்ஸ்பர்க்கில் சுடப்பட்டார். 25ஆவது ரேங்க் ஜான் ஆடம்ஸ் அதற்கு முன்பே 1864இல் ஃபிராங்க்ளினில் குதிரையோடு அரண் மேல் ஏறிச் செத்திருந்தார். மெக்கெல்லன் 1864 தேர்தலில் லிங்கனை எதிர்த்து நின்று தோற்று, பிறகு நியூஜெர்சி ஆளுநர். ஸ்டோன்மன் கலிஃபோர்னியா ஆளுநர். சாமுவேல் பெல் மாக்சி டெக்சஸின் செனட்டர். மோரி, தெற்கின் தரப்பு வரலாற்றைப் பரப்பிய சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர்; பிறகு கொலம்பியாவுக்குத் தூதர்.

கல்யாணமே செய்துகொள்ளாத வில்காக்ஸ் 1890இல் வாஷிங்டனில் இறந்தபோது, சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் வடக்கின் ஜெனரல்கள் நான்கு பேர், தெற்கின் ஜெனரல்கள் நான்கு பேர் என்று சொல்வார்கள்.

நெவாடாவின் ரீனோ நகரம் அந்த ரீனோவா?

அவரேதான். கண்டத்தைக் குறுக்கே கடக்கும் ரயில் பாதை வந்தபோது உருவான ஊருக்கு அவர் பெயரை வைத்தார்கள். தெற்கு டகோட்டாவின் ஸ்டர்ஜிஸ், ஆண்டுதோறும் லட்சக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் கூடும் ஊர், அந்த ஸ்டர்ஜிஸ் பெயரில்.

இந்த வகுப்பில் கறுப்பின மாணவர் யாராவது?

1846இல் பேச்சுக்கே இடமில்லை. முதன்முதலில் 1870இல் ஜேம்ஸ் வெப்ஸ்டர் ஸ்மித் சேர்க்கப்பட்டார். நான்கு ஆண்டு தொல்லைக்குப் பிறகு வெளியேற்றப்பட்டார். பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஹென்றி ஃபிளிப்பர், ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர், 1877 வகுப்பு, 76 பேரில் 50ஆவது. பிறகு பத்தாம் குதிரைப்படையில் அதிகாரி. 1882இல் ராணுவ நீதிமன்றத்தால் நீக்கப்பட்டார். 1999இல், அவர் இறந்து அரை நூற்றாண்டுக்கும் மேலான பிறகு, அதிபர் மன்னிப்பு வந்தது. கல்லூரியில் இருந்த நாலு வருஷமும் பணி விஷயம் தவிர வகுப்புத் தோழர்கள் அவரோடு பேசவே மாட்டார்கள்.